கண்டியில் மூன்று அதிபர்களும் ஒரு தோட்டப் பள்ளிக்கூடமும்

தமிழகத்தார் தலைமையாசிரியர் என்று அழைப்பவரை இலங்கையில் அதிபர் என்கிறோம். அதிபராக வேண்டும் என்ற ஆசையோடு ஆசிரியத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் இன்றும் உள்ளனர். அவர்களுள் பலர் சேவைப் பிரமாணக் குறிப்பையும் பரீட்சை வினாத்தாளையும் அறிந்த அளவுக்கு, அந்தப் பதவியின் வரலாற்றை அறிந்திருப்பதில்லை. அவ்வரலாற்றைக் கற்க இலங்கையில் கண்டியைவிடச் சிறந்த இடம் அரிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறக்குறைய இருபது ஆண்டுகள், அந்தச் சிறு மலைநகரின் மூன்று கல்லூரிகளை மூன்று அசாதாரண மனிதர்கள் ஒரே காலத்தில் நடத்தினார்கள்.

முதலாமவர் லூயி எட்மண்ட் பிளேஸ். கண்டியிலே பிறந்த பறங்கியர். திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர். லாகூரில் சில காலம் ஆசிரியராக இருந்து திரும்பியவர், 1891 மே மாதத்தில், பதினொரு மாணவர்களுடன், கண்டி பெவிலியன் வீதியில் ஒரு பள்ளிக்கூடத்தைத் திறந்தார். பின்னர் அது வெஸ்லியன் மிஷனின் பொறுப்பில் வந்து கிங்ஸ்வுட் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1923 வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், பிளேஸே அதிபர். இலங்கைப் பாடசாலை மாணவருக்கென்று இலங்கை வரலாற்றை எழுதியவரும் அவரே. 1925இல் கல்லூரி ரேன்டல்ஸ் மலையின் விசாலமான கட்டடங்களுக்குக் குடிபெயர்ந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். நெருக்கடியான இடத்தில் ஆயுளைக் கழித்து, வசதியைப் பின்வந்தவருக்கு விட்டுச் சென்றார்.

இரண்டாமவர் அலெக் கார்டன் பிரேசர். ஸ்கொட்லாந்துக்காரர், உகண்டாவில் மிஷனரியாகப் பணியாற்றியவர். 1904இல் திரித்துவக் கல்லூரிக்கு அதிபராக வந்தபோது, அவருடைய தந்தையார் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர். ஆட்சியாளர் குடும்பத்தில் பிறந்த இவர், ஆங்கிலமே கல்வி என்றிருந்த காலத்தில், சிங்களத்தையும் தமிழையும் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார். தம் மக்களின் மொழி தெரியாத மாணவன் அம்மக்களுக்கு எவ்வாறு பணியாற்றுவான் என்பது அவருடைய வாதம். நகரின் வறியோர் குடியிருப்புகளுக்கு மாணவர்களைச் சமூகப் பணிக்கு அனுப்பினார். 1924இல் கண்டியை விட்டு நீங்கி, இன்று கானா எனப்படும் பொற்கரை நாட்டில் அச்சிமோட்டாக் கல்லூரியின் முதல் அதிபரானார். அங்கு அவருக்குத் துணை அதிபராக இருந்தவர் ஆபிரிக்கக் கல்விமானான அக்ரி. பிற்காலத்தில் கானாவின் தலைவரான குவாமே இன்க்ருமா அந்நிறுவனத்தில் பயின்றவர்.

மூன்றாமவரின் கதையே என்னை மிகவும் வியக்க வைப்பது. 1887இல் ஒல்கொட்டின் பிரம்மஞான சங்கத்தார் நிறுவிய பௌத்த பாடசாலை தர்மராஜக் கல்லூரி. அதன் அதிபராக 1902 முதல் 1932 வரை இருந்தவர் கே. எப். பில்லிமோரியா என்ற இந்தியப் பார்சி. சிங்கள பௌத்தர்களின் பிள்ளைகளை, தலதா மாளிகை இருக்கும் ஊரில், முப்பது ஆண்டுகள் வளர்த்தவர் சரதுஷ்டிர மதத்தைச் சேர்ந்தவர். ஏரியை நோக்கிய மலையில் கல்லூரிக்கு விசாலமான நிலம் கிடைத்ததும் அவருடைய காலத்திலேதான். எந்த இனத்தவர் எந்தப் பாடசாலைக்கு அதிபராகலாம் என்று பிற்காலத்தில் எழுந்த சச்சரவுகளைக் கண்ட எமக்கு இது கற்பனை போலத் தோன்றும்.

இம்மூவருக்கும் பொதுவானது நீண்ட காலம். முப்பத்திரண்டு, இருபது, முப்பது ஆண்டுகள். தாம் நட்ட மரம் காய்ப்பதைக் காண அவர்களுக்கு அவகாசம் இருந்தது. இடமாற்றக் கடிதத்தை எதிர்பார்த்தே நாற்காலியில் அமரும் இன்றைய அதிபருக்கு அது வாய்ப்பதில்லை.

ஆயினும் இவ்வரலாற்றுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதே ஆண்டுகளில், கண்டியிலிருந்து சில மைல் தொலைவில், ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் தேயிலை பறித்த தமிழரின் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரையும் இந்தச் சுற்றாடலிலேயே இருக்கிறது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையிலான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வசதி அளிக்கும் பொறுப்பைத் துரைமாரிடம் ஒப்படைத்தது. பல தோட்டங்களில் அது ஒற்றை அறை, ஒற்றை ஆசிரியர் என்ற அளவிலேயே நின்றது. அவரே அதிபர், அவரே உதவியாசிரியர், அவரே மணியடிப்பவர். பிள்ளைகளைக் கொழுந்து பறிக்க அனுப்பாமல் வகுப்புக்கு அனுப்பும்படி லயம் லயமாகச் சென்று கெஞ்சுவதும் அவருடைய வேலை. பிளேஸையும் பிரேசரையும் வரலாறு பதிந்துகொண்டது. இவர்களின் பெயர்களைப் பதியவில்லை.

1945இல் வந்த இலவசக் கல்வியும் தோட்டங்களை முழுமையாக எட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது, அரசாங்க ஆசிரியர் பதவிக்கான வாசலும் அடைபட்டது. இத்தகைய சூழலில் மலையகத்தார் தாமாகவே முயன்று கட்டியெழுப்பிய பள்ளிகளுக்குத் தனி மதிப்பு உண்டு. அவற்றுள் ஒன்று புசல்லாவை சரஸ்வதி. அதை நிறுவிய கே. இராஜலிங்கம் 1947 தேர்தலில் நாவலப்பிட்டித் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியிலிருந்துதான். லயத்தில் பிறந்த பிள்ளை, தான் படித்த பாடசாலைக்கே முறைப்படி நியமனம் பெற்ற அதிபராகத் திரும்பும் பாதை அதன் பின்னரே பரவலாகத் திறந்தது.

இன்று அதிபர் சேவை மூன்று தரங்களைக் கொண்ட ஒழுங்கான உத்தியோகம். ஆசிரியர்கள் போட்டிப் பரீட்சையிலும் நேர்முகத்திலும் தேறி மூன்றாம் தரத்தில் நுழைகிறார்கள். இம்முறையில் நியாயம் உண்டு. மிஷன் தலைமையகத்தின் விருப்பமோ துரையின் தயவோ வேண்டியதில்லை. ஆனால் நேர்முகம் நடக்காமல் வெற்றிடங்கள் நிரப்பப்படாதபோது, “கடமை நிறைவேற்று அதிபர்” என்ற பெயரோடு, பதவியின் சுமையை மட்டும் ஏற்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும் பலர். பரீட்சை தகுதியைக் காட்டும். முப்பது ஆண்டு ஒரே பள்ளியை நேசிக்கும் குணத்தை அது அளக்காது.

ஆகவே அதிபராக விரும்பும் தம்பி தங்கையரிடம் கேட்பது ஒன்றே. நியமனம் கிடைத்த முதல் வாரத்தில், அலுமாரியில் இருக்கும் பழைய சம்பவத் திரட்டுப் புத்தகத்தை எடுத்து வாசியுங்கள். உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர்களின் பெயர்களை எழுதிச் சுவரில் மாட்டுங்கள். டொரொன்டோவிலும் லண்டனிலும் கூடலூரிலும் இருக்கும் பழைய மாணவர்களே, உங்கள் ஒற்றை அறைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரின் பெயர் உங்களுக்கு நினைவிருக்கும். அதை எழுதிவையுங்கள். வேறு ஆவணம் அவருக்கு இல்லை.