கருவுக்குள் தமிழ் வேண்டுமா?

திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டியின் சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகள் பல. அவற்றில் ஒன்றை மனத்தில் கொள்வோம். உலை, உருட்டுக்கூடம், கிடங்கு எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் அமைத்தால் வேலை விரைந்து நடக்கும். ஆனால் ஒரு மூலையில் பற்றிய தீ அனைத்தையும் அழிக்கும். தனித்தனிக் கொட்டகைகளாகப் பிரித்தால் தீ பரவாது. ஆனால் ஒவ்வொரு துண்டு இரும்புக்கும் வாயிலில் சீட்டெழுதிக் காத்திருக்க வேண்டும். கணினி இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலுக்குள் எவற்றை வைப்பது என்ற விவாதமும் இதுவே.

1992 ஜனவரி 29 அன்று, மினிக்ஸை உருவாக்கிய ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், லினக்ஸ் காலாவதியான ஒன்று என எழுதினார். கோப்பு முறைமையையும் வன்பொருள் இயக்கிகளையும் கருவுக்குள்ளேயே திணிப்பது பின்னோக்கிய பயணம் என்பது அவர் வாதம். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் 22 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், கோட்பாட்டளவில் சிறுகருவே மேல் என ஒப்புக்கொண்டார். ஆனால் மினிக்ஸ் அந்தச் சிறுகருவையே செம்மையாகச் செய்யவில்லை என்று திருப்பிக் கேட்டார். இன்று ஆண்ட்ராய்டு கைபேசிகள் எல்லாம் லினக்ஸ் கருவின்மீதே இயங்குகின்றன.

லினக்ஸ் பிறந்த 1991ஆம் ஆண்டிலேயே யுனிகோடின் முதல் பதிப்பும் தமிழோடு வெளிவந்தது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் நம் சிக்கல்.

லினக்ஸ் கருவுக்குள்ளேயே ஓர் எழுத்துத்திரை உண்டு, கன்சோல் என்பார்கள். அதில் 512 வடிவங்களுக்கு இடமுண்டு. நம் எழுத்துகளோ 247. ஆக, இடப்பற்றாக்குறை அன்று தடை. யுனிகோடில் 'கொ' என்பது ககரமும் ஓர் உயிர்க்குறியும் சேர்ந்தது. அக்குறி ககரத்தின் இருபுறமும் பிரிந்து நிற்க வேண்டும். கன்சோலோ ஓர் எண்ணுக்கு ஒரு வடிவம் என்று கட்டத்தில் இடுவதோடு நின்றுவிடும். சேர்த்துக் கட்டும் அறிவு கருவுக்கு வெளியே, பாங்கோ போன்ற நிரல்களிடம் இருக்கிறது. 2007இல் சென்னை சி-டாக் வெளியிட்ட 'பாஸ்' லினக்ஸின் திரையில் தமிழ் தெரிந்ததும் இத்தகைய வெளிநிரல்களால்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் டேஸ்-16 முறையைத் தமிழக அரசு 2010இல் யுனிகோடுக்கு மாற்றாக ஏற்றது. அம்முறையில் சேர்த்துக் கட்டும் வேலையே இல்லை. உலகமோ யுனிகோடோடு நின்றுவிட்டது.

இது ஏட்டுச் சிக்கல் மட்டுமன்று. கரு நிலைகுலையும் நொடியில் வெளிநிரல் எதுவும் உதவிக்கு வராது. திரையில் எஞ்சுவது கருவின் சொற்கள். அவை ஆங்கிலத்தில் இருக்கும். இரவுப்பணியில் உலையருகே நிற்கும் தொழிலாளிக்கு அவை வெறும் கோடுகள்.

அப்படியானால் தமிழைக் கருவுக்குள் கொண்டுபோகலாமா? வேண்டாம் என்பதே நம் கருத்து. எழுத்துகளைக் கோக்கும் நிரல் நுணுக்கமானது. வெளியே அது தவறினால் ஒரு சாளரம் மூடும்; உள்ளே தவறினால் இயந்திரமே நிற்கும். டானன்பாமின் எச்சரிக்கை இங்கே பொருந்துகிறது. கரு ஓர் எண்ணை மட்டும் சொல்லட்டும். அந்த எண்ணுக்குரிய பொருளையும் செய்யவேண்டியதையும் நல்ல தமிழில் எழுதி, இயந்திரத்தின் அருகே சுவரில் மாட்டுவோம். மின்சாரம் போனாலும் கைவிளக்கில் அதைப் படிக்கலாம்.