3,000 டிகிரியிலும் உருகாத பீங்கான் இழை: நுண்ணலையில் தயாராகும் விதம்

இரும்பு 1,538 டிகிரி செல்சியசில் உருகிவிடும். ஹாஃப்னியம் கார்பைடு என்ற பொருளோ ஏறக்குறைய 3,900 டிகிரி வரை திடமாகவே இருக்கும். சிர்க்கோனியம் கார்பைடின் உருகுநிலை சுமார் 3,500 டிகிரி. 3,000 டிகிரியைத் தாண்டும் இத்தகைய பொருள்களை அதி உயர் வெப்பப் பீங்கான்கள் என்கிறார்கள். நாம் தேநீர் குடிக்கும் கோப்பைக்கும் இவற்றுக்கும் பெயரளவில்தான் உறவு.

மூலப்பொருள் நமக்கு அந்நியமானதல்ல. சிர்க்கோனியம், ஹாஃப்னியம் இரண்டும் சிர்க்கான் மணலில் கிடைப்பவை. பேராக்கின் ஈய லம்பங்களில் ஈயத்தைப் பிரித்தபின் மிஞ்சிய ‘அமாங்’ மணலிலும் சிர்க்கான் உண்டு. கிந்தா வட்டாரத்து மூத்தவர்கள் அந்தப் பெயரை மறந்திருக்க மாட்டார்கள்.

2003 பிப்ரவரி 1ஆம் தேதி, கல்பனா சாவ்லா உட்பட எழுவருடன் பூமிக்குத் திரும்பிய கொலம்பியா விண்கலம் சிதறியது. புறப்பட்டபோது நுரைக்கட்டி ஒன்று மோதி, அதன் இடது இறக்கையின் முன்விளிம்பு உடைந்திருந்தது. அந்த வழியாகக் கொதிக்கும் வாயு உள்ளே புகுந்தது. அந்த விளிம்பு 1,600 டிகிரி அளவு வெப்பத்தைத் தாங்கக்கூடியதுதான், மோதலைத்தான் தாங்கவில்லை. ஆக, உருகாமல் இருந்தால் மட்டும் போதாது, உடையாமலும் இருக்க வேண்டும். பீங்கானின் பலவீனம் அங்கேதான். மண்சுவருக்கு வைக்கோல் சேர்ப்பதுபோல, விரிசல் ஓடாமல் தடுக்கப் பீங்கானுக்குள் இழைகளைச் சேர்க்கிறார்கள்.

அந்த இழையை நூற்பது எப்படி? உருகாத பொருளை உருக்கி இழுக்க முடியாது. அதனால் சிர்க்கோனியம் அல்லது ஹாஃப்னியம் கொண்ட சேர்மத்தைப் பிசின் போன்ற பாலிமர் கரைசலில் கலந்து, ஊசி வழியே மெல்லச் செலுத்துகிறார்கள். ஊசிக்குப் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், நுனியில் நிற்கும் துளி நீண்டு, இழையாகப் பறந்து எதிரே உள்ள தகட்டில் படியும். அதன் தடிமன் தலைமுடியில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கலாம். பிறகு ஆர்கான் வாயுவில் சுடும்போது பாலிமர் கரியாகிறது. உலோக ஆக்சைடும் கரியும் கலந்த இழை மிஞ்சுகிறது. இன்னும் சூடேற்றினால் கரி ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடாக வெளியேறும், எஞ்சுவது கார்பைடு.

இந்தக் கடைசிக் கட்டத்துக்கு 1,400 டிகிரிக்கு மேல் வேண்டும். சாதாரண உலையில் வெப்பம் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும், மணிக்கணக்காகும். அவ்வளவு நேரம் வெந்தால் உள்ளிருக்கும் துகள்கள் பெருத்து, இழை பாசிமணிச் சரம்போல் முடிச்சு முடிச்சாகிவிடும். தொட்டாலே ஒடியும்.

நுண்ணலை இங்கேதான் கைகொடுக்கிறது. சிர்க்கோனியம் ஆக்சைடு அறை வெப்பத்தில் நுண்ணலையை அவ்வளவாக ஈர்க்காது. கரியோ நன்றாகவே ஈர்க்கும். இழைக்குள் கரி ஏற்கெனவே கலந்திருப்பதால், ஒவ்வோர் இழையும் தனக்குள்ளேயே ஓர் அடுப்பை வைத்திருக்கிறது என்று சொல்லலாம். சூடு உள்ளிருந்தே பிறப்பதால் வேலை விரைவில் முடிகிறது, துகள்கள் பெருக்கவும் நேரமில்லை.

ஆனால் சிக்கல்கள் இல்லாமல் இல்லை. ஆக்சைடு சூடேறச் சூடேற நுண்ணலையை அதிகமாக ஈர்க்கத் தொடங்குவதால், ஓரிடம் மட்டும் கட்டுக்கடங்காமல் கொதித்துவிடும். உலோகக் கம்பியாலான வெப்பமானி நுண்ணலையோடு ஒத்துப்போகாது. பொருள் வெளியிடும் ஒளியை வைத்தே வெப்பத்தை அளக்க வேண்டியிருக்கிறது. ஆர்கான் வாயு மின்பொறியாக மாறுவதும் உண்டு. வீட்டு அடுப்பும் இதே 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில்தான் இயங்குகிறது என்பதற்காக யாரும் கரியை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும்.

கரியின் அளவும் முக்கியம். குறைந்தால் ஆக்சைடு அப்படியே தங்கிவிடும். கூடினால், பின்னர் காற்றுப்படும்போது மிச்சக் கரி எரிந்து இழையில் ஓட்டை விழும். கார்பைடும்கூட சூடான காற்றில் சில நூறு டிகிரியிலேயே ஆக்சிஜனோடு சேரத் தொடங்கிவிடும். அதனால்தான் சிலிக்கான் கார்பைடையும் சேர்க்கிறார்கள்; அது கண்ணாடிபோன்ற படலமாக மேலே பரவி, ஆக்சிஜன் உள்ளே நுழைவதைத் தடுக்கிறது.