ஈயமா, இரும்பா? கேரவன் பேட்டரியின் கதை

வேனை கேரவனா மாத்தினா எந்த பேட்டரி போடலாம்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பதில் சொல்ல நான் கொஞ்சம் வரலாற்றுக்குள்ள போகணும்.

ஓசூர்ல இருந்து அஞ்செட்டி வழியா நாட்றாம்பாளையம் போறோம்னு வெச்சுக்குவோம். தெரிஞ்சவங்க தோட்டத்துல வண்டியை நிறுத்துறோம், பிளக் பாயின்ட் கிடையாது. சின்ன ஃபிரிட்ஜ், ஃபேன், லைட், போன் சார்ஜ், எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் கரண்ட் வேணும்.

முதல் வழி, வீட்டு இன்வெர்ட்டர்ல இருக்கிற ஈய பேட்டரி. 1859-ல் பிரான்ஸின் காஸ்டோன் பிளான்ட்டே கண்டுபிடித்தது. விலை குறைவு, ஊருக்கு ஊர் மெக்கானிக் உண்டு. ஆனா பாதிக்கு மேல காலி பண்ணினா ஆயுள் சீக்கிரம் குறையும். 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் பேட்டரியில 1.8 யூனிட் இருந்தாலும், நிம்மதியா எடுக்கக்கூடியது 0.9 தான். எடையோ 50 கிலோவைத் தாண்டும்.

அடுத்தது லித்தியம். 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குடினஃப் குழு கொண்டுவந்த கோபால்ட் ஆக்ஸைடு, பின்னாடி நம்ம போனுக்குள்ள வந்தது. ஆனா கோபால்ட் விலை அதிகம். ரொம்பச் சூடானா அது ஆக்ஸிஜனை விடும், தீ பிடிக்கும் ஆபத்து உண்டு. நாம அந்தப் பெட்டி மேலேயே படுத்துத் தூங்கப் போறோம்!

இங்கதான் நம்ம ஊர்க்காரர் வர்றார். மதுரையில படித்து, சென்னை ஐஐடியில முனைவர் பட்டம் வாங்கிய அருமுகம் மந்திரம். மலிவான இரும்பை வெச்சு நல்ல வோல்டேஜ் எடுக்க முடியாதுங்கிற சிக்கலை, 1980-களில் குடினஃபோட சேர்ந்து ஆராய்ந்தார். இரும்போட வெறும் ஆக்ஸிஜனுக்குப் பதிலா சல்ஃபேட் மாதிரியான தொகுதியைச் சேர்த்தா வோல்டேஜ் ஏறும்னு காட்டினாங்க. அந்தப் பாதையில 1997-ல் டெக்ஸாஸில் பாதி, நஞ்சுண்டசுவாமி, குடினஃப் வெளியிட்டதுதான் லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதுல பாஸ்பரஸ் ஆக்ஸிஜனை இறுகப் பிடிச்சு வெச்சிருக்கு. சூட்டுல சுலபமா விடாது. 2019-ல் குடினஃபுக்கு நோபல் கிடைச்சப்போ, அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் உரையாற்றினவரும் மந்திரம்தான்.

கணக்குக்கு வருவோம். இந்த வகையில 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி 1.28 யூனிட், எண்பது சதவீதம் எடுத்தாலே ஒரு யூனிட் வந்துடும். எடை பன்னிரண்டு கிலோ சுமார். வருஷத்துக்கு ரெண்டு பயணம்னா ஈயமே போதும். மாசாமாசம் கிளம்புறவங்க இரும்பு பாஸ்பேட்டே வாங்குங்க. ஆனா அதுக்குன்னு இருக்கிற சார்ஜரையும் சேர்த்து வாங்கணும். மழை, மேகம்னா சோலார் கைவிடும். அதனால ஓடும்போது எஞ்சின்ல இருந்து சார்ஜ் ஆகுற ஏற்பாடும் இருக்கட்டும்.