எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் பயண உணவு

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் பயண உணவு என்பது, உடல் பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையின் கொள்ளளவைச் சுருக்கியோ சிறுகுடலின் பாதையை மாற்றியோ அறுவை செய்துகொண்டவர்கள், வீட்டுச் சமையலும் நேர ஒழுங்கும் கைக்கெட்டாத பயண வேளைகளில் உண்ணவும் பருகவும் வேண்டிய முறையைக் குறிக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரமும் அங்கிருந்து பெங்களூருக்கும் ஒகேனக்கல்லுக்கும் செல்லும் சாலைகளும் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன. தேன்கனிக்கோட்டையிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர், ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, பின்னர் டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்டு, டைட்டன் ஆலைகள் வந்து, அண்மையில் தேன்கனிக்கோட்டை வட்டத்திலேயே டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையும் எழுந்துவிட்ட இப்பகுதியில், பயணம் என்பது ஆண்டுக்கு ஓரிரு முறை வரும் சுற்றுலா அன்று. ஷிப்டுப் பேருந்தும் டவுன் பஸ்ஸும் இருசக்கர வண்டியுமாக நாள்தோறும் நடப்பது. ஆகவே இங்கே பயண உணவு என்பது அன்றாட உணவின் ஒரு பகுதியே ஆகும்.

அறுவை முறைகள்

இரைப்பை மாற்றுவழி எனப்படும் பைபாஸ் அறுவையை 1966இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்டு மேசன் முதன்முதலில் செய்தார். இரைப்பையின் மேற்பகுதியில் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரே இணைப்பது இதன் அடிப்படை. இன்று மிகுதியாகச் செய்யப்படும் ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி அகற்றப்பட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாய் மட்டும் எஞ்சுகிறது; அதன் கொள்ளளவு தொடக்கத்தில் 100 முதல் 150 மில்லிலிட்டர், அதாவது ஒரு டீ டம்ளர் அளவே இருக்கும். முதல் முறையில் குடல் உறிஞ்சும் சத்தும் குறைகிறது. இரண்டாவதில் பெரும்பாலும் அளவும் பசியுமே குறைகின்றன.

யாருக்கு இவ்வறுவை பொருந்தும் என்பது உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ எண்ணைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது. 1991இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட 40 என்ற வரம்பும், நீரிழிவு போன்ற நோய்கள் உடனிருந்தால் 35 என்ற வரம்பும் 2022இல் பன்னாட்டு அறுவை வல்லுநர் சங்கங்களால் தளர்த்தப்பட்டன. குறைந்த எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாகும் ஆசிய மக்களுக்கு 27.5 முதலே இவ்வறுவையைக் கருதலாம் என்பது அவற்றின் பரிந்துரை. இந்தியாவின் மருத்துவக் காப்பீட்டு விதிகளோ இன்னும் பழைய 40, 35 வரம்புகளையே பின்பற்றுகின்றன. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 விழுக்காட்டினர் மிகை எடையுடனோ பருமனாகவோ உள்ளனர் என்பதால், இத்தகைய அறுவைக்குப் பின் வாழ்வோரின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும் என எதிர்பார்க்கலாம்.

வேகமும் டம்பிங்கும்

எண்ணெயும் காரமும்தான் அறுவை செய்தவருக்கு வழியில் காத்திருக்கும் பகை என்பது பொதுவான எண்ணம். அவையும் தீங்கானவையே எனினும், முதல் பகை வேகம். இயல்பான இரைப்பை உணவைத் தேக்கி வைத்து, அரைத்து, சிறிது சிறிதாகக் குடலுக்குள் விடுகிறது. அறுவைக்குப் பின் இந்தத் தேக்கம் சிறுத்துப்போவதால் தேக்கி அரைக்கும் வேலையைப் பல்லும் கடிகாரமும்தான் செய்ய வேண்டியுள்ளது. ஒரு வேளை உணவை 20 முதல் 30 நிமிடம் வரை, ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று உண்ண வேண்டும் என்பது விதி. ஆனால் நெடுஞ்சாலை உணவகத்தில் நிற்கும் பேருந்து பத்து நிமிடமோ கால் மணி நேரமோதான் நிற்கும்; அதற்குள் டோக்கன் வாங்கி, கைகழுவி, உண்டு, கழிப்பறைக்கும் போய்வர வேண்டும். இந்த அவசரத்தில் விழுங்கப்படும் அரைத் தோசை மார்புக்கூட்டின் நடுவே கல்லாய் நின்றுகொண்டு, வாயில் எச்சில் ஊறி, இறுதியில் வாந்தியாக வெளியேறுவது அறுவை செய்தவர் பலரும் அறிந்த அனுபவம்.

சர்க்கரை மிகுந்த உணவு, குறிப்பாக இனிப்பு நீர்மங்கள், சிறுகுடலுக்குள் ஒரே பாய்ச்சலில் இறங்குவதால் ஏற்படும் தொல்லைக்கு டம்பிங் என்று பெயர். இது பைபாஸ் செய்தவர்களிடம் மிகுதியாகவும் ஸ்லீவ் செய்தவர்களிடம் குறைவாகவும் காணப்படுகிறது. முந்து டம்பிங்கில், உண்ட 10 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள், குடல் தன்னுள் நீரை இழுத்துக்கொள்வதால் படபடப்பு, வயிற்றுப் பொருமல், மயக்கம், வயிற்றுப்போக்கு ஆகியவை வருகின்றன. பிந்து டம்பிங்கில், உண்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள், இன்சுலின் அளவுமீறிச் சுரந்து இரத்தச் சர்க்கரை சரிந்து வியர்வையும் கைந்நடுக்கமும் தோன்றுகின்றன. கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியில் ஒரு கரும்புச் சாறு குடித்துவிட்டு இருசக்கர வண்டியில் பெங்களூருக்குச் செல்பவருக்கு, நெரிசலின் நடுவே கண் இருட்டுவது இவ்வாறுதான். பாதாம் பால், ரோஸ் மில்க், புட்டியில் அடைத்த மாம்பழச் சாறு ஆகியவையும் இதே வரிசையில் அடங்கும். மாம்பழத்துக்குப் பெயர்பெற்ற கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பழமே கூடாது எனச் சொல்ல வேண்டியதில்லை. சாறாகக் குடிப்பதைவிட இரண்டு துண்டுகளை உணவின் முடிவில் மென்று தின்பது நல்லது.

வழியில் கிடைக்கும் உணவுகள்

அறுவைக்குப் பின் நீர்மம், கூழ், மென்மையான உணவு என்று படிப்படியாக முன்னேறி, ஆறு முதல் எட்டு வாரங்களில் திட உணவுக்கு வருவது வழக்கம். அதுவரை நீண்ட பயணத்தைத் தவிர்ப்பதே நன்று. தவிர்க்க முடியாதவர் மருத்துவரைக் கேட்டே புறப்பட வேண்டும், ஏனெனில் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையும் அபாயமும் அவ்வாரங்களில் உண்டு. திட உணவுக்கு வந்த பின் நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதமே முதல் இலக்கு. தட்டில் புரதத்தை முதலில் உண்டு, காய்கறியை அடுத்து உண்டு, சோற்றையோ இட்லியையோ இடமிருந்தால் மட்டும் உண்பது என்ற வரிசை, சோற்றில் தொடங்கும் தமிழர் வழக்கத்துக்கு நேர் எதிரானது.

இவ்வட்டாரத்தின் அடையாள உணவான ராகிக் களியை இந்த இடத்தில் தனியே நோக்க வேண்டும். கன்னடத்தில் முத்தே எனப்படும் இது, கையால் கிள்ளி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கப்படுவது. பல்லில் படக்கூடாது என்பதே இதன் உண்முறை. ஆகவே நாட்டுப்புறத்தின் நல்லுணவு எனப் போற்றப்படும் களி, உண்ணும் முறையாலேயே அறுவை செய்த இரைப்பைக்கு ஒவ்வாததாகிறது: ஒட்டும் தன்மையுள்ள மெல்லப்படாத உருண்டை, குறுகிய வாயிலில் அடைத்துக்கொள்ளும். அதே ராகியை நீர்க்கக் காய்ச்சி மோர் கலந்த கூழாக, உப்பிட்டு, மெதுவாகப் பருகினால் அத்தொல்லை இல்லை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பினும் புரதம் ஏழு கிராம் அளவே என்பதால், கூழ் மட்டும் குடித்து வேளையை முடித்துக்கொள்வதும் போதாது. களியின் துணையாக இப்பகுதியில் கடையப்படும் கொள்ளில் நூற்றுக்கு 22 பங்கு புரதம் உள்ளது. ஆனால் கொள்ளு ரசத்தில் வந்து சேர்வது பெரும்பாலும் நீரும் காரமுமே, புரதம் கடைசலில்தான் இருக்கிறது.

சாலையோரத்தில் எளிதில் கிடைக்கும் புரதங்களில் அவித்த முட்டைக்கு நிகரில்லை. இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம் கிடைக்கிறது, ஓட்டை உரிக்கும்வரை தூசியும் ஈயும் அணுகுவதில்லை. கல்லில் அரைவேக்காடாகச் சுருட்டித் தரப்படும் கலக்கி, தொண்டைக்கு இதமாக இருந்தாலும் சரியாக வேகாதது. பயணத்தில் வயிற்றுப்போக்கை வரவழைத்துக்கொள்ளும் துணிவு இல்லாதவர் முழுதாக வெந்த ஆம்லெட்டைக் கேட்பது பாதுகாப்பானது. ஒகேனக்கல்லில் பொரித்து விற்கும் மீனில் மேலுள்ள மசாலாப் பொருக்கை நீக்கிவிட்டு உள்ளிருக்கும் மென்சதையை முள் பார்த்து உண்ணலாம். கோழியின் நெஞ்சுக்கறியும் தந்தூரியும் உலர்ந்து நார்நாராகப் பிரிவதால் அடைத்துக்கொள்ளும். சைவ உணவினர்க்கு, கன்னடப் பகுதி உணவகங்களிலும் திருமண இலைகளிலும் வைக்கப்படும் கோசம்பரி, அதாவது ஊறவைத்த பாசிப்பருப்பும் வெள்ளரியும் தேங்காயும் கலந்த பச்சடி, நன்கு மெல்லப் பழகிய பின் ஏற்றது. தயிர், பனீர், சுண்டல், பொட்டுக்கடலை ஆகியவை எல்லைக்கு இருபுறமும் கிடைக்கின்றன.

இட்லி எளிதில் இறங்கும் என்பதாலேயே பரிந்துரைக்கப்படுகிறது. அதுவே அதன் குறையும் ஆகும். சாம்பாரில் ஊறிய இட்லி கரைந்து வழுக்கிச் சென்றுவிடுவதால் வயிறு நிறைந்த உணர்வு தோன்றாமல், சிறிது நேரத்தில் மீண்டும் உண்ணத் தோன்றும். பரோட்டாவும் பன்னும் இதற்கு மறுகோடி. மாவாகத் திரண்டு நிற்கும். பெங்களூரு சாம்பாரில் வெல்லம் சேர்ப்பதுண்டு என்பதை ஓசூரைத் தாண்டும்போது நினைவிற் கொள்வது நல்லது. தொன்னை பிரியாணியில் கறித்துண்டை முதலில் உண்டு, சோற்றில் இரண்டொரு கரண்டியோடு நிறுத்திக்கொள்பவருக்குத் தீங்கில்லை.

அளவுக்கு இப்பகுதி வழங்கும் நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. பெங்களூரிலும் ஓசூரிலும் ஒரு காபியை இரு டம்ளரில் பங்கிட்டுத் தரும் ‘பை டூ’ வழக்கம் சூப்புக்கும் சில கடைகளில் சாப்பாட்டு வகைகளுக்கும் பரவியுள்ளதால், பாதி அளவு கேட்பது இங்கே கருமித்தனமாகவோ நோயாகவோ கருதப்படுவதில்லை. திருமணப் பந்தி அப்படியன்று. இனிப்பு முதலில் விழுகிறது, பரிமாறுபவர் மறுப்பை மரியாதையாக எடுத்துக்கொண்டு மேலும் வைக்கிறார். இலையில் மிச்சம் வைத்து எழுவதற்கு அறுவை செய்தவர் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.

நீர்

நீர்ச்சத்துக் குறைவு, இவ்வறுவைக்குப் பின் நோயாளிகள் மீண்டும் மருத்துவமனைக்கு வர நேரும் முக்கியக் காரணங்களுள் ஒன்று. நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் நீர் அருந்த வேண்டும். ஆனால் உணவோடு சேர்த்து அருந்தக்கூடாது, உண்டபின் அரை மணி நேரம் கழியவும் வேண்டும். ஒரே மூச்சில் சொம்புத் தண்ணீரைக் குடித்து ஈடுகட்ட இயலாத இரைப்பைக்கு, நாள் முழுதும் வாய் வாயாகப் பருகுவதைத் தவிர வழியில்லை. இங்கேதான் பெண்களின் நிலை இடர்ப்பாடானது. தூய்மையான கழிப்பறை வழியில் இருக்குமோ இராதோ என்ற ஐயத்தால், பேருந்து ஏறுவதற்கு முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும் வழக்கம் நம் பெண்களிடம் பரவலாக உள்ளது. மற்றவருக்கு அது அசௌகரியம், அறுவை செய்தவருக்கு நோய். ஓசூர், கெலமங்கலம், இராயக்கோட்டை வழியாகத் தருமபுரி, சேலம் செல்லும் இருப்புப்பாதை, கழிப்பறை உள்ள இரயிலில் போக வாய்ப்பளிப்பதால், நெடும்பயணத்துக்குப் பேருந்தைவிட அதையே நாடலாம். இளநீர், உப்பிட்ட மோர் ஆகியவை மெதுவாகப் பருகினால் ஏற்றவை; சோடாவும் கோலாவும் வாயுவால் வயிற்றை உப்பவைப்பவை. மது, அறுவைக்குப் பின் வழக்கத்தைவிட விரைவாக இரத்தத்தில் ஏறுகிறது.

மருந்துகளும் அவசர நிலையும்

வைட்டமின் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, தயமின் ஆகிய சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுதும் தேவைப்படலாம். இரும்பையும் கால்சியத்தையும் இரண்டு மணி நேர இடைவெளியில் விழுங்க வேண்டும், இரும்பைத் தேநீரோடு சேர்க்கக்கூடாது. நீரிழிவு மாத்திரையின் அளவு அறுவைக்குப் பின் பெரும்பாலும் குறைக்கப்படுவதால், பழைய சீட்டைக் காட்டி வழியில் வாங்குவது ஆபத்து. கால்வலிக்கும் தலைவலிக்கும் மருந்துக்கடையில் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள், பைபாஸ் செய்தவருக்கு இணைப்பிடத்தில் புண்ணை உண்டாக்கக்கூடியவை, பாராசிட்டமாலே பாதுகாப்பானது.

வாந்தி இரண்டு மூன்று நாள் நீடித்தால் அதை ஊர்த்தண்ணீர் ஒத்துக்கொள்ளாமை என்று விட்டுவிடக் கூடாது. உடலில் தயமின் இருப்பு சில வாரங்களுக்கே போதுமானது. அது தீர்ந்தால் பார்வை இரட்டித்து, நடை தள்ளாடி, நினைவு குழம்பும் வெர்னிக்கே என்னும் மூளைநோய் தோன்றும். சோர்ந்து வந்தவருக்கு உடனே குளுக்கோஸ் ஏற்றுவது நம் சிற்றூர் மருத்துவமனைகளில் நோயாளியே கேட்டு வாங்கும் சிகிச்சை. தயமின் தீர்ந்த உடலில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் இந்நோய் முற்றும். ஆகையால் அறுவை செய்துகொண்டவர் மருத்துவமனை தந்த சிகிச்சைச் சுருக்கத்தின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருந்து, எந்த ஊர் மருத்துவரானாலும் அதை முதலில் காட்ட வேண்டும். தயமின் ஊசி குளுக்கோசுக்கு முன்போ அதனுடனோ செலுத்தப்பட வேண்டும்.