சார்ந்தவள்: ஒரு கடவுச்சீட்டுச் சொல்லின் வரலாறு

கடல்வழிப் பயணம் பெண்ணோடு சேர்ந்து நிகழ்வதில்லை என்கிறது தொல்காப்பியம். பாசறையில் பெண்ணோடு வாழ்வதும் இல்லை என்கிறது. இந்தப் பகுதியை வகுப்பில் நடத்திய ஒரு நாள் மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "படைக்குப் போனவனோடு பொண்டாட்டியும் போக ஆசைப்பட்டா என்ன மேம் பண்ணுவா?" முல்லைத் திணை காத்திருப்பவளைப் பாடுகிறது. கூடப் போக நினைத்தவளைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அவளைத் தேட நான் இலக்கியத்தை விட்டு ராணுவ விதிகளுக்குள்ளும் கடவுச்சீட்டுகளுக்குள்ளும் போக வேண்டியிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் ராணுவத்தில் அவள் ஒரு எண்ணிக்கையாக இருந்தாள். ஒரு படைப்பிரிவு கடல் கடந்து போகும்போது நூறு வீரர்களுக்கு ஆறு மனைவியர் உடன் செல்லலாம், இந்தியாவுக்கு என்றால் பன்னிரண்டு பேர். யார் அந்த ஆறு பேர்? தொப்பிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். 'போகலாம்', 'போகக்கூடாது' என்று எழுதிய அந்தச் சீட்டுகளைப் பெரும்பாலும் கப்பல் புறப்படும் தறுவாயில்தான் எடுக்க வைத்தார்கள். 'போகக்கூடாது' என்று வந்தவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். 'போகலாம்' என்று வந்தவள் சென்னைக்கோ கல்கத்தாவுக்கோ வந்து, பாளையத்தில் துணி துவைத்து, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டாள். கணவன் இறந்துவிட்டால் சில மாதங்களுக்குத்தான் ரேஷன். அதற்குள் அவள் மறுமணம் செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஊர் திரும்ப வேண்டும். அந்த மண்ணில் தங்கும் உரிமை அவளுடையதாக ஒருபோதும் இருக்கவில்லை.

குலுக்கல் போய்க் காகிதம் வந்தபோது பெண்ணின் நிலை மாறியதா? அமெரிக்காவைப் பார்ப்போம். கடவுச்சீட்டு பரவலான காலத்தில் மணமான பெண் கணவனுடைய கடவுச்சீட்டிலேயே 'மனைவி' என்று சேர்க்கப்பட்டாள். அவள் பெயர்கூட அதில் கட்டாயமில்லை. அவன் அவளில்லாமல் பயணம் போகலாம். அந்தச் சீட்டை வைத்து அவள் தனியாகப் போக முடியாது. 1907ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் குடியுரிமையையே இழந்தாள். 1922இல் கேபிள் சட்டம் அதைப் பகுதியளவில்தான் சரிசெய்தது. 1921இல் பத்திரிகையாளர் ரூத் ஹேல் தன் சொந்தப் பெயரில் கடவுச்சீட்டு கேட்டார். அரசு மறுத்தது. கணவன் பெயரோடு பயணம் போவதைவிடப் போகாமலிருப்பதே மேல் என்று பிரான்ஸ் பயணத்தைக் கைவிட்டார். திருமணத்துக்குப் பின்னும் சொந்தப் பெயரைக் காப்பதற்காக லூசி ஸ்டோன் கழகம் என்ற அமைப்பை அவர் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் எதிர்த்திசையில் ஒரு பெரும் பயணம் தொடங்கியது. அமெரிக்க வீரர்களை மணந்த வெளிநாட்டுப் பெண்கள் கணவனின் நாட்டுக்குப் புறப்பட்டார்கள். 1945 டிசம்பர் 28இல் வந்த போர்மணப்பெண்கள் சட்டம் அவர்களுக்குக் குடியேற்ற ஒதுக்கீட்டு வரம்பையும் விசாவையும் தளர்த்தியது. 1946 ஜனவரி 26இல் 'அர்ஜென்டினா' என்ற கப்பல் சவுத்தாம்ப்டனிலிருந்து 452 மணப்பெண்களோடு கிளம்பியது. ஆனால் எல்லா மணப்பெண்களுக்கும் கதவு திறக்கவில்லை. ஜப்பானியப் பெண்கள் இனத்தின் பெயரால் தடுக்கப்பட்டார்கள். 1947இல் குறுகிய கால விலக்கு ஒன்று கிடைத்தது. இனத்தடை சட்டத்திலிருந்து நீங்க 1952 வரை ஆனது. வீரன் யாரைக் காதலிக்கலாம் என்பதையும் ஒருவகையில் விசாதான் தீர்மானித்தது.

அடுத்து வந்த ஆவணம்தான் இன்றும் நடப்பில் இருப்பது. 1951 ஜூன் 19இல் லண்டனில் கையெழுத்தான நேட்டோ படைகளின் நிலை குறித்த ஒப்பந்தம் அது. அதன் மூன்றாவது பிரிவைப் படித்துப் பாருங்கள். படைவீரருக்குக் கடவுச்சீட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். அடையாள அட்டையும் பயண ஆணையும் போதும். குடும்பத்தாருக்கு அந்த விலக்கு இல்லை. அவர்களுக்குக் கடவுச்சீட்டு வேண்டும், அதில் அவர்கள் 'டிபென்டென்ட்', அதாவது சார்ந்திருப்பவர், என்று குறிக்கப்பட வேண்டும்.

ஆயுதம் ஏந்தியவர் ஓர் அட்டையோடு எல்லையைக் கடக்கிறார். குழந்தையை ஏந்தியவள் தான் யாரைச் சார்ந்தவள் என்பதை எழுதிக் காட்டித்தான் கடக்கிறாள்.

இன்று அமெரிக்க ராணுவக் குடும்பம் ஜெர்மனிக்கோ ஜப்பானுக்கோ மாறுகிறது என்றால், முதலில் குடும்பத்தை அழைத்துச்செல்லப் படைத்தலைமையின் ஒப்புதல் வேண்டும். பிறகு ராணுவத்தின் அனுமதிப் படிவத்தோடு விண்ணப்பித்தால் கட்டணமில்லாக் கடவுச்சீட்டு கிடைக்கும். அது பணியிடத்துக்குப் போய்வர மட்டுமே. சொந்த விருப்பத்தில் பக்கத்து நாட்டைப் பார்க்கப் போக வேண்டுமானால் காசு கட்டி இன்னொரு கடவுச்சீட்டு எடுக்க வேண்டும். எல்லாப் படிவங்களிலும் வீரர் 'ஸ்பான்சர்', மனைவி 'டிபென்டென்ட்'. படிவங்களைத் திரட்டுவது, குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழைத் தேடுவது, புகைப்படம் எடுக்க அழைத்துப்போவது எல்லாம் பெரும்பாலும் அவள் வேலை. கையெழுத்துக்கு மட்டும் அவன். மணமுறிவு ஏற்பட்டால் அந்த நாட்டில் ஒப்பந்தம் அவளுக்குத் தந்த தகுதியும் போய்விடுகிறது. வன்முறையுள்ள வீட்டில் இதன் பொருள் என்ன என்று யோசித்துப் பாருங்கள். நூறு பேருக்கு ஆறு என்ற கணக்கு போய்விட்டது, கைம்பெண்ணின் ரேஷன் கணக்கு வேறு உருவில் நிற்கிறது.

இந்தச் சொல்லை நீதிமன்றத்துக்கு இழுத்தவர் படையிலேயே இருந்த ஒரு பெண். விமானப்படை லெப்டினன்ட் ஷாரன் ஃபிரான்டியரோ தன் கணவருக்குக் குடும்பச் சலுகைகள் கேட்டார். ஆண் வீரரின் மனைவி கேள்வியே இல்லாமல் சார்ந்தவள். பெண் வீரரின் கணவரோ தன் செலவில் பாதிக்கு மேல் மனைவிதான் தருகிறார் என்று நிரூபிக்க வேண்டும். ரூத் பேடர் கின்ஸ்பர்க் உச்ச நீதிமன்றத்தில் முதன்முதலாக வாதாடிய வழக்கு இதுதான். 1973 மே 14இல் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தப் பாகுபாடு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. இனி கணவனும் நிரூபணம் இல்லாமலே 'சார்ந்தவன்' ஆகலாம். நல்ல வெற்றிதான். ஆனால் சொல் அப்படியே இருந்துவிட்டது.

இது ஏதோ அயல்நாட்டு ராணுவத்தின் கதை என்று தள்ளிவிட முடியாது. நம் தெருவிலிருந்து கணவரோடு அமெரிக்கா போகும் பொறியாளர்ப் பெண்ணின் எச்4 விசாவிலும் இருப்பது இதே சொல்தான். அந்த விசாவில் சிலருக்காவது வேலை செய்யும் அனுமதி கிடைத்தது 2015இல்தான்.

கேள்வி கேட்ட மாணவிக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்வேன்: அவள் போனாள், பெண்ணே. ஒவ்வொரு காலத்திலும் போனாள். போவதற்கு அவளிடம் என்ன காகிதம் கேட்டார்கள், அதில் அவளை என்னவென்று எழுதினார்கள் என்பதைத் தேடிப் படி. நாளை உன் கைக்கு ஒரு படிவம் வரும்போது கையெழுத்திடும் முன் அந்தக் கட்டத்தையும் படி.