பசியை அடக்க வந்த மாத்திரைகள்



பெருநாள் கழிந்த ஒரு மாலையில், ராயபுரத்தில் உறவினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். "லாத்தா, இதைக் காலையில் வெந்நீரில் கலந்து குடித்தால் பகல் முழுக்கப் பசியே எடுக்காது" என்று அந்த வீட்டு மருமகள் ஒரு டப்பாவைக் காட்டினார். முழுக்க முழுக்க மூலிகை என்று அதில் அச்சிட்டிருந்தது. தயாரித்தவரின் முகவரி மட்டும் இல்லை. நோன்பாளியின் பசி மஃக்ரிபோடு தீர்ந்துவிடும். பசியையே எடுக்கவிடாத பொருள் வேறு வகையைச் சேர்ந்தது. அதற்கு நீண்ட வரலாறு உண்டு.

1965இல் சுவிட்சர்லாந்தில் அமினோரெக்ஸ் என்னும் பசியடக்கி விற்பனைக்கு வந்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பரவியது. சில ஆண்டுகளுக்குள், நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் உயரும் அரிய நோய் அந்நாடுகளில் திடீரெனப் பெருகியதை மருத்துவர்கள் கண்டனர். 1968இல் மருந்து திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் நோய் கண்டவர்களில் பலரைக் காப்பாற்ற இயலவில்லை.

இந்தப் பாடம் விரைவிலேயே மறக்கப்பட்டது. 1990களில் அமெரிக்காவில் ஃபென்ஃப்ளூரமின், ஃபென்டர்மின் என்ற இரு மாத்திரைகளைச் சேர்த்து எழுதித் தருவது பெருவழக்கமாயிற்று. தனித்தனியே அனுமதி பெற்றவைதாம் இரண்டும். சேர்த்துக் கொடுக்க ஒருபோதும் அனுமதி இருந்ததில்லை. 1997இல் மேயோ கிளினிக் மருத்துவர்கள், இவற்றை உண்ட 24 பெண்களின் இதய வால்வுகள் பழுதுபட்டிருந்ததை வெளியிட்டனர். மூளையில் செரோடோனின் வழியாகப் பசியைத் தணித்த அதே மருந்து, இதய வால்வில் உள்ள செரோடோனின் ஏற்பிகளையும் தூண்டி அதைத் தடிக்கச் செய்திருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஃபென்ஃப்ளூரமின் சந்தையை விட்டு நீங்கியது.

ரிமோனபான்ட் வந்த வேகத்தில் போயிற்று. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் அதன் பக்கவிளைவுகள். இந்தியா அதை 2009இல் தடை செய்தது.

நம் ஊரோடு நெருங்கிய கதை சிபுட்ரமினுடையது. இந்தியாவில் பல பெயர்களில் விற்ற மாத்திரை இது. இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் உயர்த்தக் கூடியது என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. இதய நோயோ சர்க்கரை நோயோ உள்ள சுமார் 10,000 பேரிடம் நடந்த ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட இதய நிகழ்வுகள் போலி மாத்திரை உண்டவர்களில் 10 சதவீதமாகவும், இதை உண்டவர்களில் 11.4 சதவீதமாகவும் இருந்தன. ஐரோப்பா 2010 ஜனவரியிலும் அமெரிக்கா அக்டோபரிலும் அதை விலக்கின. நம் நாட்டில் தடை 2011 பிப்ரவரியில்தான் வந்தது. ஐரோப்பா நிறுத்திய பின்னும் ஓராண்டு இங்கே விற்றிருக்கிறது. இதை எளிதில் கடந்து போக என்னால் முடியவில்லை.

தடையோடு அந்த மருந்து மறைந்துவிடவும் இல்லை. மூலிகை என்றும் இயற்கை என்றும் விற்கும் மெலிவுப் பொடிகளிலும் காப்பிகளிலும், லேபிளில் எழுதாமல் சிபுட்ரமின் கலந்திருப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் மீண்டும் மீண்டும் கண்டறிந்துள்ளன. மருத்துவர் எழுதித் தந்த காலத்தில் அளவேனும் தெரிந்திருந்தது. இப்போது அதுவும் தெரியாது.

இன்று பேசப்படுபவை ஊசிகள். மௌன்ஜாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. இது வேறு வழியில் இயங்குகிறது: இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, வயிறு நிறைந்த உணர்வை மூளைக்குத் தருகிறது. ஆய்வுகளின் பலம் இதற்கு முன்னவற்றைவிட அதிகம். எனினும் வாந்தி, பித்தக்கல், கணைய அழற்சி ஆகிய ஆபத்துகள் உண்டு. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. சர்க்கரைக்கு வேறு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் ரமழானில் நோன்பு வைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் அளவைப் பேசிக்கொள்ள வேண்டும். ஊசியை நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடுவதும் வழக்கம்.

அந்த மருமகளிடம் உடல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கொஞ்ச நாளாகப் படபடப்பு, லாத்தா. தூக்கமும் இல்லை. நோன்புக் களைப்பு என்று நினைத்தேன்" என்றார். பொடியை அன்றே நிறுத்தச் சொன்னேன். டப்பாவை மட்டும் எறிந்துவிடாமல், மறுநாள் மருத்துவரிடம் கையோடு கொண்டு போகச் சொன்னேன்.