இரண்டு ஹிங்கம்: நியூ இங்கிலாந்துக் குடும்பங்களின் பூர்வீகத் தேடல்

முதலாம் சார்ல்ஸ் மன்னர் 1629-இல் நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டுத் தனித்து ஆளத் தொடங்கினார். வழிபாட்டு முறைகளில் பேராயர் வில்லியம் லாட் காட்டிய கெடுபிடியும் கிழக்கு மாவட்டங்களின் நெசவுத் தொழில் நொடித்ததும் பியூரிட்டன் குடும்பங்களைக் கப்பலேறத் தூண்டின. 1630-க்கும் 1640-க்கும் இடையில் ஏறத்தாழ 20,000 பேர் நியூ இங்கிலாந்தில் கரையிறங்கினர்; இதுவே பெருங்குடியேற்றம். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பேரில் பாதிப் பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. பின்னால் வந்தவர்களோ மனைவி மக்களுடனும் பணியாட்களுடனும் வந்தார்கள். சில ஊர்களிலிருந்து போதகரே முன்னின்று ஆட்களை அழைத்துவந்தார். 1640-இல் நாடாளுமன்றம் மீண்டும் கூடியதும் வரத்து ஏறக்குறைய நின்றது. இந்தப் பத்தாண்டில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள்தான் அமெரிக்காவில் வம்சாவளித் தேடலை ஒரு தனித் துறையாக வளர்த்தவர்கள்.

கடலின் இரு கரையிலும் ஏடுகள் இருந்தன என்பதே அவர்களுடைய அதிர்ஷ்டம். இங்கிலாந்தில் ஒவ்வொரு பங்கு ஆலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538-இல் அரச அமைச்சர் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டார். தாள்களில் எழுதிய பழைய பதிவுகளைத் தோல் ஏட்டில் படியெடுக்கச் சொன்ன உத்தரவு 1598-இல் வந்தது. பல எழுத்தர்கள் முதலாம் எலிசபெத் பட்டமேறிய 1558-லிருந்து மட்டும் படியெடுத்து, அதற்கு முந்தையதைக் கைவிட்டார்கள். மாசசூசெட்ஸில் இந்த வேலை ஆலயத்தை விட்டு ஊர் எழுத்தரிடம் போயிற்று. திருமணம் திருவருட்சாதனம் அல்ல என்பது பியூரிட்டன் கொள்கை. ஆகவே அதை நடத்திவைத்தவர் நீதிபதி. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிய வேண்டும் என்ற சட்டம் அங்கே 1639-இல் வந்தது.

ஏடுகளைப் படிப்பதிலும் சிக்கல் உண்டு. 1752 வரை ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25-இல் பிறந்தது. 1640 ஏப்ரலில் மணமுடித்த தம்பதிக்கு 1640 பிப்ரவரியில் குழந்தை என்று ஏடு சொன்னால் அதில் அவதூறு ஒன்றுமில்லை. பத்து மாதம் கழித்துப் பிறந்த பிள்ளைதான். இதை அறியாமல் மாதத்தை மாற்றியும் தாயை மாற்றியும் எழுதிய வம்சாவளிகள் ஏராளம்.

உண்மையான இடைவெளி கடலில்தான். பயணிகள் பட்டியல்களில் தப்பியவை சொற்பம். புறப்படுவோர் அரச விசுவாசப் பிரமாணம் எடுத்தார்களா, போதகரின் சான்று வைத்திருக்கிறார்களா என்பதே துறைமுக எழுத்தரின் கவலை. ஒளிந்து கிளம்பியவர்கள் அவர் கண்ணில் படவே இல்லை. குடியேறிய பின் எழுந்த பத்திரங்கள் சொந்த ஊரைக் குறிப்பது அரிது. எனவே அமெரிக்காவில் இருப்பவரின் பிறப்பிடத்தை இங்கிலாந்தில் இறந்த உறவினரின் உயிலில் தேட வேண்டியிருந்தது. ஹார்வர்டு கல்லூரிக்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்டு 1638-இல் இறந்தார். அவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது இரண்டரை நூற்றாண்டு தெரியாமல் இருந்தது. வம்சாவளி ஆய்வாளர் ஹென்றி வாட்டர்ஸ் 1880-களில் லண்டனின் சாமர்செட் மாளிகையில் உயில்களைப் புரட்டியபோது, யர்வுட் என்ற குடும்பப்பெயர் கொண்ட ஒரு விதவையின் உயில் கிடைத்தது. மறுமணங்களால் பெயர் மாறியிருந்த அந்தப் பெண்தான் ஜானின் தாய். முதல் கணவர் ராபர்ட் ஹார்வர்டு சதக்கில் இறைச்சி வியாபாரி. ஹார்வர்டு என்ற பெயரை மட்டும் அகரவரிசையில் தேடியவர்கள் இந்த உயிலை எப்படிக் கண்டிருக்க முடியும்?

ஆபிரகாம் லிங்கனின் வழி இன்னும் நீளமானது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவருக்கு 1848-இல் மாசசூசெட்ஸின் ஹிங்கம் ஊர் வரலாற்றாசிரியர் சாலமன் லிங்கன் கடிதம் எழுதி, குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். பாட்டனார் பெயரும் ஆபிரகாம்தான், வர்ஜீனியாவிலிருந்து கென்டக்கிக்கு வந்தவர், தந்தை சிறு வயதிலேயே அநாதையானதால் பழைய கதைகள் வந்து சேரவில்லை என்று லிங்கன் பதில் எழுதினார். பூட்டனார் பென்சில்வேனியாவிலிருந்து வந்ததாகச் செவிவழிச் செய்தி இருந்தது; அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் மார்டெகாய் என்ற பெயர் குடும்பத்தில் அடிக்கடி வருவதை அவர் சொல்லிவைத்தார். அந்தப் பெயர் ஹிங்கம் ஏடுகளிலும் இருந்தது.

பெயர் ஒற்றுமை தடயமே தவிரச் சான்றாகாது. மாசசூசெட்ஸின் ஹிங்கமில் அந்நாளில் தாமஸ் லிங்கன் என்ற பெயரில் மட்டும் நெசவாளி, பீப்பாய் செய்பவர், மாவு ஆலைக்காரர், உழவர் என நால்வர் இருந்தார்கள். தொழிலைச் சேர்த்து எழுதாவிட்டால் ஊர்க்காரர்களுக்கே குழப்பம். லிங்கனின் வழியை உறுதிசெய்தவை நிலப் பத்திரங்களும் உயில்களும். ஹிங்கமின் சாமுவேல் லிங்கனுக்கு மகன் மார்டெகாய். அவருடைய மகன் இன்னொரு மார்டெகாய் நியூ ஜெர்சிக்குப் போய், பின் பென்சில்வேனியாவில் குடியேறி 1736-இல் இறந்தார். நியூ ஜெர்சி நிலத்தை மகன் ஜானுக்கு உயிலில் எழுதிவைத்தார். வர்ஜீனியாவுக்கு நகர்ந்த அந்த ஜானின் மகனே 1786-இல் கென்டக்கியில் கொல்லப்பட்ட பாட்டனார் ஆபிரகாம். சாமுவேலிலிருந்து குடியரசுத் தலைவர் வரை ஏழு தலைமுறை.

கடலுக்கு அந்தப் பக்கம் நார்ஃபோக் மாவட்டத்திலும் ஒரு ஹிங்கம் உண்டு. புதிய ஊருக்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான். அதன் ஆலய ஏட்டில் சாமுவேல் 1622 ஆகஸ்டில் ஞானஸ்நானம் பெற்றதாகப் பதிவு இருக்கிறது. 1637-இல் யார்மத் துறைமுகத்தில் நாரிச் நெசவாளி பிரான்சிஸ் லாஸின் பணியாளாக அவர் கப்பலேறியபோது வயது 18 என்று எழுதியிருக்கிறார்கள். ஞானஸ்நானக் கணக்குப்படி 15-க்கு மேல் இராது. வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கலாம் என்பதே பெரும்பாலோர் கருத்து. அக்கால ஏடுகளில் வயது ஒரு தோராயம்தான்.

இந்தத் தேடல் அமைப்பாகத் திரண்டது 1845-இல், பாஸ்டனில் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிச் சங்கம் தொடங்கியபோது. ஜேம்ஸ் சாவேஜின் முதல் குடியேறிகள் அகராதி 1860 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாக வந்தது. நூற்றாண்டின் இறுதியில் தென், கிழக்கு ஐரோப்பியர்கள் பெருவாரியாக வரவே, பழைய குடிகள் தங்கள் பழமையைப் பறைசாற்றச் சங்கங்கள் கண்டார்கள். மேஃபிளவர் வழித்தோன்றல்கள் சங்கம் 1897-இல் எழுந்தது. உழவரின் பேரன்களுக்கும் பிரபுக் குடும்பத்துக் கேடயச் சின்னம் தேவைப்பட்டது. கேட்டதைத் தருபவரும் கிடைத்தார். கஸ்டாவ் அஞ்சூ என்பவர் ஒரு முனையில் உண்மையான குடியேறியையும் மறுமுனையில் உண்மையான ஆங்கிலப் பிரபுவையும் வைத்து, நடுவில் இல்லாத உயில்களையும் பதிவுகளையும் புனைந்தார். நூலகங்களில் சேர்ந்துவிட்ட அவருடைய வேலைகளைக் களைவது இன்றும் முடியவில்லை. கப்பலேறி வந்த மூன்று சகோதரர்கள் ஆளுக்கொரு திசையில் பிரிந்தார்கள் என்ற கதையும் இந்த ரகமே. தொடர்பில்லாத ஒரே பெயர்க் குடும்பங்களை ஒட்டவைக்கும் பசை அது.

1922-இல் டொனால்ட் லைன்ஸ் ஜேக்கபஸ் தொடங்கிய வம்சாவளி இதழ் ஆதாரமில்லாத இணைப்புகளை ஒவ்வொன்றாக வெட்டியது. ராபர்ட் சார்ல்ஸ் ஆண்டர்சன் 1988-இல் தொடங்கிய திட்டம், பெருங்குடியேற்றத்தில் வந்தவர்களை மூல ஏடுகளிலிருந்து புதிதாக எழுதியது. பிறந்த ஊர் தெரியாதவருக்குத் தெரியாது என்றே பதிந்தது. இப்போது மரபணுச் சோதனை வந்திருக்கிறது. ஆணிலிருந்து ஆணுக்கு இறங்கும் ஒய் குரோமோசோம், ஒரே குடும்பப்பெயர் கொண்ட இருவர் ஒரே தந்தைவழியா என்று சொல்லும். அந்தத் தந்தை எந்த ஊர், நால்வரில் எந்த தாமஸ் என்பதற்கு நார்ஃபோக் ஏடுகளைத்தான் பார்க்க வேண்டும்.